அடுத்தவர் கனவில் கை வைக்கலாகாது

ஏழுபனைவிளையில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் பெண்ணைப் பார்ப்பார்கள், கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தின்று கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபின் பெண்ணின் கனவைப் பார்ப்பார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, ஜாதகம் பார்க்கிற ஊரில் கனவு பார்க்கக் கூடாதா என்ன? வெளியூர்க்காரர்கள்தான் முதல் தடவை வாயைப் பிளப்பார்கள், அவர்களும் அடுத்த கல்யாணப் பேச்சுக்கு வரும்போது செருப்பைக் கழற்றிப்போட்டு, வெள்ளைக் குழாயைத் தாங்களே மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, "என்ன, பொண்ணு தூங்கியாச்சா?" என்று கேட்கிற அளவுக்குத் தேறிவிடுவார்கள்.

பெட்டி வந்த கதை சின்னக் கதை. தேரிக்காட்டுச் செம்மணலைச் செவ்வாய்க் கிரகம் என்று காட்டிப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து இறங்கியது. அந்தப் படத்தில் ஆட்கள் அடுத்தவர் கனவுக்குள் போய்வர ஒரு பெட்டி வேண்டியிருந்ததால், ஆஸ்பத்திரி சலைன் குழாய்களையும் பழைய வாஷிங் மெஷின் திருகையும் ஒரு அலுமினியப் பெட்டியில் ஒட்டி, சிவப்பு பல்பு ஒன்றையும் சொருகி, பொம்மைப் பெட்டி ஒன்றைச் செய்துவைத்தார்கள். கதாநாயகனுக்கும் டைரக்டருக்கும் முட்டிக்கொண்டு படம் பாதியில் நின்றுபோக, பெட்டியைக் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு லைட் கட்டப் போயிருந்த எலெக்ட்ரீஷியன் சாலமோன் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து, மத்தியான வெயிலுக்கு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தவன், ஒரு குழாய் தன் கையிலும் இன்னொன்று பக்கத்தில் தூங்கிய பெண்டாட்டி கையிலும் சுற்றிக்கிடந்த பாவத்துக்கு, அவளுடைய கனவுக்குள் போய், அங்கே அவள் அவனுடைய அம்மாவை உலக்கையால் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணாரக் கண்டுவிட்டு எழுந்தான்.

எப்படி வேலை செய்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மூளையில் ஓடுகிற கரண்ட் குழாய்வழியே தாவுகிறது என்றார் பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார். எல்லாரும் ஒரே தூக்கத்தைத்தான் தூங்குகிறோம், பாய்தான் வேறே என்றார் அம்மன் கோயில் பூசாரி. சாலமோன் பெட்டியைத் திருகித் திறந்து பார்த்தான், உள்ளே தெர்மோகோலும் ஒரு டார்ச் பேட்டரியும் கிடந்தன. பேட்டரியைக் கழற்றி எறிந்த பிறகும் பெட்டி அதுபாட்டுக்கு வேலை செய்ததால், அதற்குமேல் ஆராய அவனுக்கு நேரமில்லை. மஞ்சள் குழாய் யார் கையிலோ அவர் வீட்டுக்காரர், கனவு அவருடையது; வெள்ளைக் குழாய் கட்டினவர்கள் விருந்தாளிகள். இங்கே ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் அங்கே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வெளியே வர வேண்டுமென்றால் வீட்டுக்காரர் மூக்கில் ஒரு சிட்டிகைப் பொடி. அவர் தும்மினால் உள்ளே போன அத்தனை பேரும் சேர்ந்து தும்மிக்கொண்டு எழுந்திரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விபரீதம்தான் நடந்தது. வெளியூர் மாப்பிள்ளை ஒருவனுடைய சித்தப்பா, வாயை அடக்க முடியாத மனுஷன், பெண்ணின் கனவில் கொல்லைப்புறத்தில் தொங்கிய முருங்கைக்காயை லபக்கென்று ஒடித்து மடியில் கட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணின் கனவில் முருங்கைமரமே இல்லை, சாம்பாரில் முருங்கைக்காயைப் போட்டுக் கொடுத்தால், "இது என்னம்மா காயி?" என்று கேட்கிறாள் பாவி மகள். கனவில் போனது போனதுதான், திரும்ப முளைக்காது என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. கோயில் கமிட்டி கூடிப் பேசி, அடுத்தவர் கனவுக்குள் போகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும், ஒரு துரும்பைக்கூடத் தொடக் கூடாது என்று முறை வைத்தார்கள். ஊர் அந்த முறையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியது. எத்தனையோ முறைகளைக் காற்றில் பறக்கவிட்ட ஊர்தான், இதில் மட்டும் அப்படியொரு கண்ணியம்.

பெண்ணைப் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ரிட்டையரான டீச்சரம்மா ஒருத்தி கனவு டியூஷன் ஆரம்பித்தாள். ஓட்டு வீடு வேண்டாம், மாடிவீடு காணுங்கட்டி. மாடு வரலாம், தொட்டில் வரலாம், நெல்மூட்டை வரலாம். கடல் ஆகாது, பஸ் ஆகாது, ஆம்பளை வாசனையே ஆகாது என்று சொல்லிக்கொடுத்தாள். பெட்டைக்குளத்திலிருந்து இங்கே வாக்கப்பட இருந்த ஒரு பிள்ளை கனவில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கினாள் என்பதற்காக, பூ வைக்கிற நேரத்தில் சம்பந்தமே முறிந்தது. மாப்பிள்ளையின் கனவைப் பார்த்தால் என்ன என்று ஒருத்தி ஒரு கல்யாண வீட்டில் கேட்டுவைத்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரையேறும்படி சிரிப்பு வந்ததே தவிர பதில் வரவில்லை.

சந்தனக்கனிக்கு டியூஷன் பலிக்கவில்லை. தயிர்ச்சோறு தின்றுவிட்டு மாட்டையே நினைத்துக்கொண்டு படுத்தாலும், கண் அசந்ததும் அவள் போய் நிற்பது அவர்கள் வீட்டுக் கொல்லையில்தான். அங்கே பம்புசெட் தொட்டி தளும்பிக்கொண்டிருக்கும், தொட்டிக்குப் பக்கத்தில் துவைகல்லின்மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் அக்கா ராஜபுஷ்பம் உட்கார்ந்திருப்பாள். புஷ்பத்தை உடன்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்து, ஒரு பெண் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை நடக்கப் பழகுகிற சமயத்தில், ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள் என்று சொல்லி அனுப்பினார்கள். சொல்லி அனுப்பினார்கள் என்றுதான் நானும் சொல்ல முடியும். கனவில் புஷ்பத்தின்மேல் ஒரு கொப்புளம்கூட இல்லை. தலைக்குக் குளித்த ஈரத்தோடு, உப்பு தொட்டு மாங்காய் தின்றுகொண்டு, தங்கையின் தலையை இழுத்துவைத்துப் பேன் பார்ப்பாள். கனிக்கு அதுவே உலகம். பகலில் யார் என்ன ஏசினாலும், ராத்திரி அக்காவிடம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

"அக்கா, அங்கன என்னதான் நடந்துச்சி?" என்று அவள் கேட்டால், புஷ்பம் மாங்காயைக் கடிப்பதை நிறுத்திவிடுவாள்.

"எம் மாமியா மட்டும் இங்கன வரட்டும்ட்டி. நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாவுத மாதிரி நாலு கேள்வி கேக்கேன். நீ தலையக் காட்டு."

பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டம் கனவில் புஷ்பத்தைப் பார்த்துவிட்டு, செத்தவள் குடியிருக்கிற கனவில் எப்படிப் பெண் எடுக்க என்று எழுந்து போனார்கள். கனியின் அம்மா சீனியம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். புருஷன் இல்லாத வீடு, மூத்தவள் போயாயிற்று, இளையவளுக்கு இப்படி ஒரு கனவு. அந்த நேரம் பார்த்துத்தான், கல்யாணத் தரகர் இசக்கிமுத்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சம்பந்தம் ஒன்று இருக்கிறது, வீட்டையும் தெரியும் ஆளையும் தெரியும் என்று ஆரம்பித்தார். ஆள் வேறு யாருமில்லை. புஷ்பத்தின் புருஷன் லிங்கதுரைதான்.

அக்காள் செத்தால் அந்த வீட்டுக்கே தங்கச்சியைக் கொடுப்பது நம் பக்கத்தில் உள்ளதுதானே, பிள்ளைக்கும் சித்தியே அம்மா ஆகிவிடுவாள், யாரோ ஒருத்தி வந்து சூடு போடுகிறதுக்கு இது தேவலையில்லையா என்று இசக்கிமுத்து எடுத்துச்சொன்னார்.

"யம்மா, எனக்கு அந்த வீடு வேண்டாம்" என்றாள் கனி. "அக்காவ என்ன செஞ்சாவன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு என்னட்டி தெரியும்? நான் பாத்தனா?" என்றாள் சீனியம்மாள், முகத்தைக் கொடுக்காமல். "ஒங்கக்கா பிள்ள அபிக்குட்டி அந்த வீட்லல்லா கெடக்கு. அது மூஞ்சியப் பாரு."

கனி அன்று முழுக்க யோசித்தாள். பிறகு இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு, வரச்சொல்லுங்க, பொண்ணு பாக்கட்டும், முறைப்படி கனவையும் பாக்கட்டும் என்றாள். வெள்ளைக் குழாய் எத்தனை உண்டோ அத்தனையிலும் ஊர்ப் பெரியவர்களைக் கட்டச்சொல்லி, கோயில் கமிட்டித் தலைவரிலிருந்து டீச்சரம்மா வரை ஒருவர் விடாமல் தானே போய் அழைத்துவிட்டு வந்தாள். தாய் இதை நல்லதனம் என்று நினைத்துக்கொண்டாள். கனியின் கணக்கு வேறே: அக்காவின் மாமியாக்காரி வரட்டும், அக்கா வாயைத் திறக்கட்டும், ஊர் தன் காதால் கேட்கட்டும். கனவில் பஸ் ஏறினதற்கே ஒருத்தியைத் தள்ளிவைத்த ஊர், இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருக்கும்?

அவர்கள் வந்தார்கள். லிங்கதுரையின் அம்மா தவமணி காசுமாலை போட்டுக்கொண்டு, பேத்தி அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கிய மதினி?" என்று சீனியம்மாளின் தாடையைத் தொட்டுக் கொஞ்சினாள். லிங்கதுரை தலையைக் குனிந்துகொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். கேசரி நன்றாயிருந்தது, பஜ்ஜிக்குச் சட்னி பத்தவில்லை. ராகுகாலம் முடிந்ததும் கனி பாயில் படுத்தாள், சாலமோன் அவள் கையில் மஞ்சள் குழாயைக் கட்டினான், சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளைக் குழாய்களைக் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். அபியிடம் ஒரு டெஸ்டரை விளையாடக் கொடுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டு, பொடிடப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, சாலமோன் திருகைத் திருகினான்.

கொல்லையில் நல்ல வெயில். விருந்தாளிகள் பின்வாசல் படியில் வரிசையாக இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டியைச் சுற்றி நின்றார்கள். "தண்ணி சௌகரியம் உண்டு" என்று யாரோ சொன்னார்கள். துவைகல்லின்மேல் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்த புஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, வந்திருக்காவ" என்றாள் கனி. "கேளு. இப்பம் கேளு."

புஷ்பத்தின் கண் தவமணிமேல் போய் நின்றது. கையிலிருந்த மாங்காய் கீழே விழுந்தது. அவள் கல்லைவிட்டுக் குதித்து இறங்கி, அவிழ்த்துப் போட்டிருந்த ஈரத்தலையை அவசர அவசரமாக முடிந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, அங்கிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்படி உடம்பு வெடவெடக்க நின்றாள். செத்த பிறகும், சொந்தத் தங்கையின் கனவுக்குள் இருந்தும், அந்தப் பயம் அவளை விட்டபாடில்லை. நாலு கேள்வி எங்கே போனது, நாக்கைப் பிடுங்குகிற பேச்சு எங்கே போனது, ஐயோ, வாயைத் திறந்து அவள் கேட்டது இவ்வளவுதான்:

"அத்தை, காப்பி போடட்டுமா?"

"போடு" என்றாள் தவமணி. வெகுநாள் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

அதுவரை அந்தக் கொல்லையில் அடுப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. இப்போது தொட்டியடியில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது, பக்கத்தில் நீல நிறக் கேன் ஒன்று இருந்தது. புஷ்பம் குத்தவைத்து உட்கார்ந்து ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பம்ப் அடித்தாள். லிங்கதுரை வரிசையிலிருந்து விலகி, தூக்கத்தில் நடக்கிறவன்போல, பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு அவள் முதுகுப்பக்கம் போனான். கேனை எடுத்து மூடியைத் திருகினான். அவன் முகத்தில் கோபமில்லை, ஒன்றுமே இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் மாதிரி அவள் தலையில் ஊற்றினான். புஷ்பம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள்.

கனவு காண்கிறவளுக்குக் கால் எழும்பாது, அது எல்லாக் கனவிலும் உள்ளது. கனி நின்ற இடத்திலேயே துடித்தாள், தொண்டையைக் கிழித்துக்கொண்டு எப்படியோ குரல் வந்தது.

"தண்ணி ஊத்துங்க! யாராச்சும் தண்ணி ஊத்துங்க!"

தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது. விளிம்பில் பித்தளைச் செம்புகூட இருந்தது. விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரம்மா அழுதாள், அழுதபடியே கையைப் பின்னால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அடுத்தவங்க கனவுல கை வைக்கப்பிடாதும்மா" என்றார் கமிட்டித் தலைவர், ரொம்ப வருத்தத்தோடு.

சீனியம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். அவள் கை பின்னாலிருந்து பாதி அவிழ்ந்தும்விட்டது. தவமணி தலையைத் திருப்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். சீனியம்மாள் அந்த ஓரடியைப் பின்னால் எடுத்துவைத்துக்கொண்டாள், பெற்ற மகள் எரிவதைக் கை கட்டி நின்று பார்த்தாள். கனி அதையும் பார்த்தாள்.

கனி முனகுவதைப் பார்த்துச் சாலமோன் பொடியை வைத்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. கூடம் முழுக்கத் தும்மல். எழுந்தவர்கள் முந்தானையிலும் துண்டிலும் மூக்கைத் துடைத்தார்கள், குழாயை அவிழ்த்துச் சாலமோனிடம் நீட்டினார்கள். கனி பாயில் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள், அக்காவின் முகம் வரவில்லை; தலையில் வகிடு எந்தப் பக்கம், மூக்குத்தி எந்தப் பக்கம், ஒன்றும் வரவில்லை.

"பாத்தியள்லா?" என்றாள் அவள். "எல்லாரும் பாத்தியள்லா?"

இசக்கிமுத்து தொண்டையைச் செருமினார். "அம்மா, கனவுல கண்டத வச்சி ஒரு குடும்பத்து மேல பழி சொல்லலாமா? நாளைக்கு யாரு வேணும்னாலும் எதையும் கண்டுட்டு வந்து நிக்கலாம்."

"பெட்டைக்குளத்துப் பிள்ள பஸ்ஸு ஏறினான்னு முறிச்சியளே, அது எதுல கண்டது?"

"அது பொண்ணு பாக்குறது" என்றார் கமிட்டித் தலைவர். "அது வேற, இது வேற."

சிலர் தலையாட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் அது வேறதான் என்று ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கமிட்டித் தலைவர் லிங்கதுரைப் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டார்.

"ஆனா மாப்ள, முறைன்னு ஒண்ணு இருக்கு. நீரு அந்தக் கேனைத் தொட்டது தப்பு. அம்மன் கோயிலுக்கு ஒரு தூண்டாவிளக்கு ஏத்தி வச்சிரும்."

"ஆவட்டும் மாமா, தெரியாம தொட்டுட்டேன்" என்றான் லிங்கதுரை பணிவாக. பிள்ளைக்கு மரியாதை தெரியும் என்று ஊருக்கு அவன்மேல் ஒரு நல்ல அபிப்பிராயமே வந்துவிட்டது.

"இன்னொரு விசயம்" என்று இசக்கிமுத்து எல்லாருக்கும் கேட்கும்படி எடுத்துவிட்டார். "ரெண்டு கூட்டம் எந்தக் குறையச் சொல்லித் திரும்பிப் போச்சோ, அந்தக் குறையும் இன்னைக்குத் தீந்துட்டு. கனவுல இப்பம் யாரும் குடியில்ல. தாம்பூலம் மாத்திரலாமா?"

"நான் மாட்டேன்" என்றாள் கனி.

தவமணி, சாலமோன் பக்கத்தில் டெஸ்டரை வைத்து விளையாடிக்கொண்டிருந்த அபியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, குழந்தையின் முடியை விரலால் கோதிக் கோதி விட்டாள். அபி பாட்டி மடியில் ஆடாமல் அசையாமல் இருந்தாள், நாலு வயசுப் பிள்ளை அப்படி இருக்கக் கூடாது.

"உனக்கு இஷ்டம் இல்லன்னா யாரு கட்டாயப்படுத்தப் போறா?" என்றாள் தவமணி அன்பாக. "இவ எப்படியும் எங்க வீட்லதான கெடக்கப் போறா. பொட்டப்பிள்ள வளந்து என்னைக்காவது அடுப்பு பத்த வைக்காமலா இருக்கப் போவுது. நாங்க பாத்துக்கிடுதோம்."

கூடத்தில் இருந்தவர்கள் இதைப் பாட்டியின் பாசம் என்று கேட்டார்கள். கனி சரியாகவே கேட்டாள். அவள் அபியைப் பார்த்தாள், அப்புறம் தன் தாயைப் பார்த்தாள், தாய் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"தும்மித் தும்மித் தொண்டை கட்டிட்டு" என்றாள் தவமணி. "ஏ கனி, உனக்குக் காப்பி போடத் தெரியும்லா?"

கனி எழுந்து உள்ளே போனாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கூடத்தில் தட்டு மாற்றுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. அவள் காஸைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். சீனியம்மாள் பின்னாலேயே வந்து, கதவோரமாக நின்று, கூடத்துப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, மகளின் காதருகே வந்தாள்.

"ஏட்டி."

கனி திரும்பவில்லை.

"அந்த வீட்ல அடுப்பங்கரைக்குள்ள போவும்போது நைலக்ஸு கட்டாத, என்ன? அது சட்டுனு பிடிச்சிக்கிடும், மேல ஒட்டிக்கிடும். பருத்தியாக் கட்டு. கல்யாணச் சீருக்கு நானே நாலஞ்சு எடுத்துத் தாரேன்."

"சரிம்மா" என்றாள் கனி. பால் பொங்கி வந்தது. அடுப்பைச் சிறுத்துவிட்டு, டம்ளர்களைத் துடைத்து வைத்தாள்.